“பார்த்துத் தாருங்கள்” என்றால் எவ்வளவு?

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்து ஓர் இளம் தாய் கேட்டிருக்கிறார். அவரும் கணவரும் புதன்கிழமை இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், வியாழன் பகலில் தூதரக அலுவலை முடித்துக்கொண்டு, அன்றிரவு பஸ்ஸிலேயே திரும்ப வேண்டும். வீட்டில் நான்கு வயது மகளும் பத்து மாத மகனும். மாமியாரும் இருக்கிறார், ஆனால் முழங்கால் நோவால் இரவில் எழும்பி நடக்க முடியாதவர். அடுத்த ஒழுங்கையில் இருக்கும் ஓர் அக்கா பிள்ளைகளோடு வந்து தங்கச் சம்மதித்திருக்கிறார். எவ்வளவு தரவேண்டும் என்று கேட்டதற்கு, “நீங்கள் பார்த்துத் தாருங்கள் தங்கச்சி” என்று சொல்லிவிட்டார். அயலவர் ஒருவர், “இரவில் படுத்து எழும்பத்தானே போகிறாள், ஆயிரம் ரூபாய் போதும்” என்கிறார். கனடாவில் இருக்கும் தமக்கை மணித்தியாலக் கணக்கில் கொடுக்கச் சொல்கிறார். ஓர் இரவுக்கு எது நியாயம்?

பதினொரு ஆண்டுகள் நானே இந்த வேலை செய்தேன். இப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருந்தபடி, பிள்ளை பார்க்கவும் நோயாளரைப் பார்க்கவும் பெண்களை வீடுகளுக்கு ஒழுங்கு செய்து கொடுக்கிறேன். இரண்டு பக்கமும் நின்றவள் என்ற உரிமையில் முதலிலேயே தொகையைச் சொல்லிவிடுகிறேன்: ஓர் இரவுக்கு 3,500 ரூபாய். போக்குவரத்துச் செலவு தனி. மாமியாரையும் இரவில் கவனிக்க வேண்டுமென்றால் 4,000.

ஆனால் தங்கச்சி, நீங்கள் கேட்பது ஓர் இரவு அல்ல. புதன் மாலை ஆறரை மணிக்கு நீங்கள் வீட்டை விட்டு இறங்கினால், திரும்பி வந்து படலையைத் திறப்பது வெள்ளி காலை ஆறரைக்கு. இடையில் 36 மணித்தியாலம் இருக்கிறது. இரண்டு இரவு, நடுவில் ஒரு முழுப்பகல். “ஓர் இரவு வந்து நில்லுங்கள்” என்று அந்த அக்காவிடமும் சொல்லியிருந்தால், அவர் மனதில் வைத்திருப்பது ஒரு கணக்கு, உங்களுக்குத் தேவைப்படுவது வேறு கணக்கு. பணத்தைப் பற்றிக் கதைப்பதற்கு முன் இதைத்தான் அவருக்கு விளக்க வேண்டும்.

36 மணித்தியாலத்தை ஒரே ஆளின் தலையில் வைக்காதீர்கள். பணம் கூட்டிக் கொடுத்தாலும் வைக்காதீர்கள். பத்து மாதக் குழந்தையோடு முதல் இரவைக் கழித்தவர், தூங்காமலே அடுத்த பகலையும் பார்த்து, இரண்டாம் இரவிலும் கண் விழித்திருப்பது யாராலும் இயலாத காரியம். இரண்டாம் இரவு விடியற்காலையில் அவருடைய கண் தானாக மூடும். அதில் அவர் குற்றம் ஒன்றும் இருக்காது. வியாழன் காலை ஆறரை மணிக்கு அவரை வீட்டுக்கு அனுப்பி, பகலுக்கு உங்கள் பக்கத்துச் சொந்தம் யாரையாவது மாமியாரோடு கூடநிற்கச் சொல்லுங்கள். அக்கா போய்த் தூங்கி எழும்பி மாலையில் வரட்டும்.

இனி 3,500 எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். எங்கள் நாட்டில் தேசியக் குறைந்தபட்ச நாட்கூலி 2025 ஏப்ரலில் 700 ரூபாயில் இருந்து 1,080 ஆனது. 2026 ஜனவரியில் இருந்து 1,200. மாதச் சம்பளமென்றால் 30,000. வீட்டுக்குள் வந்து செய்யும் வேலைக்கு இந்தச் சட்டம் எவ்வளவு தூரம் வருகிறது என்ற வாதத்துக்கு நான் போகவில்லை. ஒரு மனிதரின் ஒரு நாள் உழைப்பு இதற்குக் கீழே போகக் கூடாது என்று நாடு கோடு கீறியிருக்கிறது. அந்தக் கோட்டை அளவுகோலாக எடுக்கிறேன், அவ்வளவுதான். 1,200 ரூபாயை எட்டு மணித்தியாலத்துக்குப் பிரித்தால் மணிக்கு 150. உங்கள் இரவு மாலை ஆறரையில் இருந்து காலை ஆறரை வரை பன்னிரண்டு மணித்தியாலம். முதல் எட்டுக்கு 1,200. கடைகளிலும் அலுவலகங்களிலும் மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுக்கிறார்கள். அதன்படி மிச்சம் நான்குக்கு மணிக்கு 225 வீதம் 900. மொத்தம் 2,100.

இந்த 2,100 அடித்தளம். பிள்ளை விடிய விடியத் தூங்கினாலும், அக்கா ஒரு தடவைகூட எழும்பாவிட்டாலும் இதற்குக் கீழே இறங்கக் கூடாது. அயலவர் சொன்ன ஆயிரத்தைப் பன்னிரண்டால் பிரித்துப் பாருங்கள், மணிக்கு 83 ரூபாய் வரும். இரண்டு பிள்ளைகளின் உயிரை அந்தக் காசுக்கு ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு நீங்கள் பஸ்ஸில் நிம்மதியாகச் சாய்ந்திருக்க முடியாது.

இதன்மேல் பத்து மாதக் குழந்தைக்காக 1,000 கூட்டுகிறேன். மூத்த மகள் தூங்குகிற வயது, ஆனால் தாயில்லாத முதல் இரவில் விழித்து அழக்கூடும், அவருக்கு 400. ஆக 3,500. மாமியாரை இரவில் கைப்பிடித்துக் கழிப்பறைக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தால் இன்னும் 500. இந்த வேலையை நீங்கள் உங்கள் கேள்வியில் சேர்க்கவில்லை. முழங்கால் நோவுள்ள ஒரு முதியவர் வீட்டில் இருந்தால் இரவு இரண்டு மணிக்கு அந்தத் தேவை வந்தே தீரும், வந்தால் அக்கா பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். செய்யப் போகிற வேலையைச் சொல்லிவிட்டே கூப்பிடுங்கள்.

குழந்தைக்கு ஏன் தனியாக ஆயிரம் என்று ஒருவர் கேட்கலாம். உரும்பிராயில் ஒரு வீடு. கார்த்திகை மழை, கரண்ட் போய்விட்டது. தாய் வைத்தியசாலையில், தகப்பன் அவரோடு. பிள்ளைக்கு ஒன்பது மாதம். ஏணையின், அதாவது துணித்தொட்டிலின், கயிற்றைக் காற்பெருவிரலில் கோத்துக்கொண்டு நான் சுவரோடு சாய்ந்திருந்தேன். ஆட்டம் நின்றால் சிணுங்குகிற பிள்ளை, ஆகையால் கால் நிற்கவில்லை. ஒன்றரை மணிக்குப் பால் கேட்டான். கைபேசியை வாயில் கவ்விக்கொண்டு அந்த வெளிச்சத்தில் பால்மாக் கரண்டியின் தலையைத் தட்டிச் சமன் செய்து, எண்ணிப் போட்டு, கொதித்தாறிய தண்ணீரில் கலந்து, மணிக்கட்டில் ஒரு துளி விட்டுச் சூடு பார்த்தேன். குடித்து முடிந்ததும் தோளில் போட்டு முதுகைத் தடவி ஏவறை விடச் செய்து, மறுபடியும் ஏணை. மூன்றரைக்கு இன்னொரு தடவை. இடையில் நுளம்புவலைக்குள் ஒரு நுளம்பு; அதைப் பிடிக்கும்வரை நான் உட்காரவில்லை. காலையில் தகப்பன் வந்து, “தம்பி நன்றாகத் தூங்கினானா?” என்று கேட்டார். நன்றாகத் தூங்கினான் என்றேன். அது உண்மை. நான் தூங்கவில்லை என்பதும் உண்மை. அன்று எனக்குத் தரப்பட்டது பகல் வேலைக்குத் தருவதில் பாதி, காரணம் “இரவு சும்மாதானே இருந்தீர்கள்.”

“சும்மா” என்ற அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் இந்தக் கணக்கில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 2011 இல் சர்வதேச தொழில் தாபனம் வீட்டுப் பணியாளருக்கென 189 ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. அதன் பத்தாம் உறுப்புரை இதைத்தான் பேசுகிறது: தன் நேரத்தைத் தன் விருப்பப்படி கழிக்க முடியாமல், கூப்பிட்டால் எழும்ப ஆயத்தமாக ஒருவர் அந்த வீட்டில் நிற்கும் நேரமும் வேலை நேரமாகக் கருதப்பட வேண்டும், எந்த அளவுக்கு என்பதை அந்தந்த நாட்டுச் சட்டமோ கூட்டு உடன்படிக்கையோ தீர்மானிக்கலாம். பெரிய மண்டபத்தில் பல நாட்டார் கூடி எழுதிய வாசகம், ஆனால் ஏணைக் கயிற்றைக் காலில் கோத்திருந்த எவருக்கும் இது ஏற்கெனவே தெரியும். உங்கள் வீட்டில் படுத்திருக்கும் அக்கா தன் வீட்டில் படுத்திருக்கவில்லை. அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அன்றிரவு அவர்களுக்குத் துணையாக யாரையோ கெஞ்சிக் கேட்டுவிட்டுத்தான் அவர் வருகிறார்.

“பார்த்துத் தாருங்கள்” என்ற சொல்லுக்கு வருகிறேன். நானும் எத்தனையோ படலைகளில் நின்று இதைச் சொல்லியிருக்கிறேன். தொகை சொன்னால் காசு கேட்கிறவள் என்ற பெயர் வரும். கூடச் சொன்னால் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள். குறையச் சொன்னால் அதுவே ஊருக்கெல்லாம் விலையாகிவிடும். நாளைக்கு முகத்தில் முகம் விழிக்க வேண்டிய அயல் வேறு. ஆகவே பாரத்தை உங்கள் மனச்சாட்சியில் இறக்கி வைத்துவிட்டு, உள்ளுக்குள் ஒரு தொகையை எண்ணிக்கொண்டு நிற்கிறோம். அந்தத் தொகை காலையில் கையில் வராதபோது வாய் திறக்கவும் முடியாது, பார்த்துத் தரச் சொன்னது நாங்களல்லவா.

இந்த வேலைக்கு வரும் பெண்களில் பலர் தனியாகக் குடும்பத்தைத் தாங்குகிறவர்கள். போருக்குப் பிறகு வடக்கில் அப்படிப்பட்ட குடும்பங்கள் எத்தனை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, உங்கள் ஒழுங்கையிலேயே இருக்கும். அவர்களில் நுண்கடன் எடுத்தவர்களுக்குக் கிழமைக்கொரு நாள் கட்டுக்காசு கட்ட வேண்டும். நான் ஒழுங்கு செய்து அனுப்பும் ஒருவர், கட்டுக்காசுக்கு முதல்நாள் என்றால் எந்தத் தொகைக்கும் போவார். எனக்குத் தெரியும் என்பதால் அந்த நாட்களில் அவருக்காக நான்தான் வீட்டாரிடம் தொகை பேசுவேன். ஒருவர் ஆயிரத்துக்குச் சம்மதிக்கிறார் என்பதால் ஆயிரம் நியாயமாகிவிடாது. அவருடைய நெருக்கடியை உங்கள் மிச்சமாக்கிக்கொள்ளாதீர்கள்.

ஆகவே தொகையை நீங்களே முதலில் சொல்லுங்கள், பிரித்துச் சொல்லுங்கள். “அக்கா, இரண்டு இரவு. ஓர் இரவுக்கு 4,000, மாமியையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஓட்டோக் காசு தனி. உங்களுக்குச் சரிவருமா? குறைவென்றால் சொல்லுங்கள், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன்.” அவர் அநேகமாக “ஐயோ, அவ்வளவு வேண்டாம்” என்பார். அது மரியாதைக்காகச் சொல்வது, அதைப் பிடித்துக்கொண்டு குறைத்துவிடாதீர்கள். கூட ஏதாவது கேட்டால், காரணத்தைக் கேளுங்கள். பெரும்பாலும் நீங்கள் நினைத்துப் பார்க்காத ஒரு செலவு அதற்குள் இருக்கும்.

தமக்கையின் யோசனையில் பாதியை எடுங்கள். கனடாவின் ஒன்ராறியோவில் 2025 ஒக்டோபரில் இருந்து குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17.60 டொலர். அதை ரூபாயாக்கிக் கொக்குவிலில் கொடுக்க உங்களால் முடியாது, கொடுக்கவும் தேவையில்லை. ஆனால் நேரத்தை எண்ணிக் கொடுக்கும் அந்தப் பழக்கம் நல்லது. எங்கள் ஊரில் வேலையை எண்ணுகிறோம், நேரத்தை எண்ணுவதில்லை. அதனால்தான் பிள்ளை தூங்கிய இரவு இலவசமாகத் தெரிகிறது.

காசுக்குப் பதில் சாமான் கொடுப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில் எனக்கு ஆறாத ஒரு நோவு இருக்கிறது. நல்லூர்த் திருவிழாவுக்காக வெளிநாட்டில் இருந்து வந்திருந்த ஒரு குடும்பம், மூன்று இரவு என்னைப் பிள்ளைகளோடு நிற்கச் சொன்னது. நல்ல மனிதர்கள், அன்பாகப் பேசினார்கள். கடைசி நாள் ஒரு பை நிறையச் சொக்கலேட்டும் சவர்க்காரமும் அரைகுறையாகப் பாவித்த வாசனைத் திரவியமும் தந்து, “உங்கள் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்” என்றார்கள். காசு தரவில்லை. மூன்று இரவுக்கும் என் மகளைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு ஆச்சிக்கு நான் வாக்குக் கொடுத்திருந்த காசு இருந்தது. அந்தப் பையைக் கொண்டு எந்தக் கடையிலும் கடனை அடைக்க முடியவில்லை. அன்பளிப்புக் கொடுக்க விரும்பினால் கொடுங்கள், வாங்குகிறவருக்கும் மகிழ்ச்சிதான். கூலியைக் கொடுத்து முடித்த பிறகு கொடுங்கள். சாப்பாடும் அப்படியே. உங்கள் வீட்டில் இரவுக்கு இடியப்பமும் சொதியும் என்றால் அவருக்கும் அதுதான். அதைக் கூலியில் கழிக்கக் கூடாது. படுக்க ஒரு கட்டிலோ நல்ல பாயோ, மின்விசிறி, அவருக்கென்று ஒரு நுளம்புவலை. மழைக்காலத்தில் டெங்கு பரவும் ஊர் இது.

சொந்தக்காரர் வந்து நின்றால்? அம்மம்மாவுக்கும் சித்திக்கும் கூலி நீட்டினால் மனம் முறியும், அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் வசதி குறைந்த ஒன்றுவிட்ட அக்காவோ மச்சாளோ வந்து நின்றால், சொந்தம் என்பதற்காக வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். அயலவருக்குக் கொடுக்கும் அதே தொகையைக் கொடுங்கள், பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கென்று சொல்லிக் கொடுத்தால் மறுக்கமாட்டார்.

அயலில் படிக்கிற பிள்ளையைக் குறைந்த காசுக்குப் பிடிக்கும் பழக்கம் ஒன்றும் இருக்கிறது. பதினாறு வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு வைப்பது 2021 இல் இருந்து சட்டப்படி குற்றம். என்னைக் கேட்டால் பதினெட்டுக்குக் குறைந்த எவரையும் இரவுப் பொறுப்பில் விடக் கூடாது. குழந்தைக்கு நடுச்சாமத்தில் மூச்சுத் திணறினால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? பதினெட்டைக் கடந்தவர் என்றால் முழுத் தொகையும் கொடுங்கள், தாயிடம் கொடுக்காமல் அவர் கையிலேயே கொடுங்கள்.

சமையல், உடுப்புத் தோய்த்தல், முற்றம் கூட்டல் எதையும் இந்த இரவுக்குள் செருகாதீர்கள். பால் போத்தல் கழுவுவது, பிள்ளை நனைத்த துணியை அலசிப் போடுவது அவர் வேலைதான். உங்கள் குடும்பத்து உடுப்பு அவர் வேலையல்ல.

பஸ் தாமதமாவதை இப்போதே பேசுங்கள். கொழும்பில் இருந்து வரும் இரவு பஸ் வழியில் நின்றுவிட்டால் ஆறரை என்பது ஒன்பதரை ஆகலாம். அக்கா தன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டியவராக இருந்தால் அந்த மூன்று மணித்தியாலம் அவருக்குப் பெரிய இழப்பு. ஆறரைக்குப் பிறகு மணிக்கு 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். பயணம் கடைசி நேரத்தில் நின்றுபோனால், அதாவது புதன் காலைக்குப் பிறகு “வரவேண்டாம்” என்று சொல்ல நேர்ந்தால், அன்றைய இரவுக்குப் பாதித் தொகை கொடுங்கள். உங்களுக்காக அவர் வேறு வேலையை விட்டிருப்பார்.

முதல் இரவுக்கான காசை வியாழன் காலை அவர் வீட்டுக்குப் போகும்போதே கிடைக்கச் செய்யுங்கள். நீங்கள் அப்போது கொழும்பில் இருப்பீர்கள், ஆகவே கடித உறையில் போட்டு மாமியாரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். இரண்டாவது உறையை வெள்ளி காலை நீங்களே கொடுங்கள், பயணப் பையை இறக்கி வைத்த உடனே. “பிறகு தருகிறேன்” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனால், அவர் வாசலில் செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக நிற்பார். நானும் அப்படி நின்றிருக்கிறேன்.

குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள். குழந்தையின் நிறை, பால்மா எத்தனை கரண்டிக்கு எவ்வளவு தண்ணீர், காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் பாணி எவ்வளவு என்று உங்கள் வைத்தியர் எழுதித் தந்த அளவு, உங்கள் இருவருடைய தொலைபேசி எண்கள், பக்கத்தில் வாகனம் வைத்திருக்கும் ஒருவருடைய எண், 1990. அந்த அம்புலன்ஸ் சேவை 2018 இல் இருந்து வடக்கிலும் ஓடுகிறது, காசு கேட்கமாட்டார்கள். இதை அக்காவிடம் வாயாலும் சொல்லுங்கள். காசு ஆகுமோ என்று பயந்து கூப்பிடாமல் விட்ட ஒருவரை எனக்குத் தெரியும். புதன் பகலே குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் உங்களில் ஒருவர் நின்றுவிடுங்கள். அதற்கு எந்தத் தொகையும் ஈடாகாது.

இன்னும் ஒன்று. புதன் இரவு முதன்முதலாக அந்த அக்காவின் முகத்தைப் பார்த்தால் பத்து மாதக் குழந்தை வீட்டையே இரண்டாக்கிவிடும். அதற்கு முன் ஒரு மாலை அவரைக் கூப்பிட்டு, நீங்கள் பக்கத்தில் இருக்க, அவர் கையால் பால் கொடுத்து அவரே ஏணையில் போட்டுத் தூங்க வைக்கட்டும். மூத்த மகளுக்கு அவர் ஒரு கதை சொல்லட்டும். இரண்டு மணித்தியாலம் போதும். அந்த மாலைக்கு 500 ரூபாய் தனியாகக் கொடுத்து, தொகையையும் அன்றைக்கே பேசி முடித்துவிடுங்கள்.